கணக்கில் வராத கை

ஒரு லிட்டர் எரிபொருள் ‘நிலைத்த வளத்திலிருந்து வந்தது’ என்று ஒரு சான்றிதழ் சொல்கிறது. இந்தச் சொல் யாரைப் பற்றியது? எரிபொருளைப் பற்றியதா, அதை வாங்கும் நாட்டைப் பற்றியதா, அதற்கான பழத்தைப் பொறுக்கிய பெண்ணைப் பற்றியதா?

நான் தமிழ் இலக்கியம் கற்பிப்பவள். எண்ணெயும் எரிபொருளும் என் துறை அல்ல. ஆனால் சாட்சி, சான்று, நிரூபணம் என்ற சொற்களோடு எனக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. பெண்களுக்கு எதிராக இந்தச் சொற்கள் எப்படியெல்லாம் கையாளப்பட்டன என்பதைக் காப்பியங்களில் வாசித்திருக்கிறேன். காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தோடுதான் எரிபொருள் பற்றிய இந்த விதிகளை வாசித்தேன்.

விதிகள் வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு ஓர் இலக்கு வைத்தது. 2010க்குள் வாகன எரிபொருளில் 5.75 விழுக்காடு உயிரி எரிபொருளாக இருக்க வேண்டும். பெட்ரோலியத்தைக் குறைத்தால் புவி வெப்பமாவதைக் குறைக்கலாம் என்ற நல்லெண்ணம் அதன் பின்னால் இருந்தது. தங்கள் விவசாயிகளுக்குப் புதுச் சந்தை கிடைக்கும் என்ற கணக்கும் இருந்தது. தேவை கூடியதும், இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் செம்பனை எண்ணெய் அங்கே டீசலாகப் போகத் தொடங்கியது. நாம் பாமாயில் என்று ரேஷன் கடையில் வாங்குகிற அதே எண்ணெய்தான். சுமத்ராவிலும் போர்னியோவிலும் காடுகளும் கரிமண் சதுப்புகளும் செம்பனைத் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. காட்டை எரித்து உண்டாக்கிய எண்ணெயைப் பசுமை எரிபொருள் என்று எப்படி அழைப்பீர்கள் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் கேட்டன.

அந்தக் கேள்விக்குப் பதிலாக 2009இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றிய ஆணை வந்தது. 2008 ஜனவரியில் காடாகவோ சதுப்பாகவோ இருந்த நிலத்தை அழித்து விளைவித்த பொருள் இலக்குக் கணக்கில் சேராது. பெட்ரோலியத்தோடு ஒப்பிட்டால் கரியமிலம் குறைந்தது 35 விழுக்காடு மிச்சமாக வேண்டும். பின்னால் அந்த அளவு கூட்டப்பட்டது. இதையெல்லாம் சரிபார்க்கும் வேலையைப் பெருமளவில் ஆணையம் அங்கீகரித்த தனியார் சான்றளிப்புத் திட்டங்கள் செய்கின்றன. 2011இல் முதல் ஏழு திட்டங்கள் அங்கீகாரம் பெற்றன. தோட்டம், ஆலை, வணிகர், சுத்திகரிப்பு நிலையம் என்று எண்ணெய் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் காகிதமும் கூடவே கைமாற வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. எண்ணெய் ஒன்றோடொன்று கலந்துவிடும். நல்ல தோட்டத்து எண்ணெயையும் காடழித்த தோட்டத்து எண்ணெயையும் தனித்தனித் தொட்டியில், தனித்தனிக் கப்பலில் கொண்டுபோவது பெருஞ்செலவு. அதனால் சட்டம் ‘மாஸ் பேலன்ஸ்’ என்ற முறையை ஏற்றுக்கொண்டது. நம் பக்கத்துப் பால் சங்கத்தை வைத்து இதை விளக்கலாம். காலையில் முப்பது பெண்கள் பால் ஊற்றுகிறார்கள். அவர்களில் மூன்று பேர் மட்டும் ஏதோ ஒரு நல்ல நிபந்தனைப்படி மாடு வளர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூவர் ஊற்றியது 20 லிட்டர். எல்லாருடைய பாலும் ஒரே தொட்டியில் விழுந்து 200 லிட்டர் ஆகிறது. அதிலிருந்து 20 லிட்டரை ‘நிபந்தனைப் பால்’ என்று சங்கம் விற்கலாம். விற்ற பால் அந்த மூவர் வீட்டு மாட்டுடையதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல முடியாது. 21 லிட்டர் விற்றால்தான் குற்றம். உள்ளே போன அளவும் வெளியே வந்த அளவும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஏமாற்று என்று உடனே சொல்லிவிட நான் தயாராக இல்லை. நல்லபடி விளைவிப்பவருக்கு இந்தக் கணக்கு வழியாகக் கூடுதல் விலை போய்ச் சேர முடியும். தனித்தொட்டி கட்ட முடியாத சிறு ஆலைகளும் இதனால் உள்ளே வர முடிகிறது. வாங்கியவரின் வண்டியில் எந்தத் துளி எரிந்தது என்பதைவிட, உலகில் எத்தனை லிட்டர் காடழிக்காமல் வந்தது என்பதுதான் முக்கியம் என்றால், கணக்கு நியாயமானதே. என் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணெய் கலந்த பின்னும் அதனோடு பயணம் செய்யும் ‘குணங்கள்’ எவை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். நிலம் எப்படிப்பட்டது என்பது பயணம் செய்கிறது. கரியமிலம் எவ்வளவு என்பது பயணம் செய்கிறது. கூலி பயணம் செய்வதில்லை.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தோன்றாமல் இல்லை. 2009 ஆணையின் 17ஆம் உறுப்பை வாசித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். மூலப்பொருள் வரும் நாடுகள் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சில உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்தியிருக்கின்றனவா என்று ஆணையம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு பற்றிய உடன்படிக்கைகளோடு 100ஆம் உடன்படிக்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சம மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று சொல்லும் உடன்படிக்கை அது. ஆக, அவள் சட்டத்துக்குள் வந்துவிட்டாள். ஆனால் எந்த வாசல் வழியாக? காடழித்த எண்ணெய் கணக்கிலிருந்து தள்ளப்படும். சம ஊதியம் தராத எண்ணெய் பற்றி ஓர் அறிக்கை எழுதப்படும். முதலாவது நிபந்தனை, இரண்டாவது தகவல்.

ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2016இல் இந்தச் சான்றளிப்பு ஏற்பாட்டை ஆராய்ந்து சிறப்பறிக்கை வெளியிட்டது. நில உரிமைத் தகராறு, கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு, மோசமான பணிநிலை, உடல்நலத்துக்கு ஆபத்து ஆகியவை இல்லை என்று சரிபார்க்கும்படி சான்றளிப்புத் திட்டங்களிடம் ஆணையம் கேட்கவே இல்லை என்று அது எழுதியது. இதைச் சொன்னது ஏதோ ஓர் இயக்கம் அல்ல. ஒன்றியத்தின் சொந்தத் தணிக்கையாளர்கள்.

அதே 2016இல் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் இந்தோனேசியத் தோட்டங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும் பாமாயில் வணிக நிறுவனமான வில்மாரின் கிளை நிறுவனங்களிலும் அதற்கு எண்ணெய் தரும் தோட்டங்களிலும் 120 தொழிலாளர்களிடம் பேசி எழுதப்பட்ட அறிக்கை. அது பின்தொடர்ந்து சென்றது சோப்பு, சாக்லேட் போன்ற பொருட்களை. ஆனால் சோப்புக்கும் டீசலுக்கும் பழத்தைத் தருவது இதே வகைத் தோட்டங்கள்தான். மருந்து தெளிப்பது, உரம் போடுவது, களை எடுப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆண்டுக்கணக்கில் உழைத்தும் அவர்களில் பலர் தினக்கூலிகளாகவே வைக்கப்பட்டிருந்தார்கள். ஓய்வூதியமோ மருத்துவக் காப்பீடோ இல்லை. ஆராயப்பட்ட ஐந்து தோட்ட நிறுவனங்களில் மூன்று, 2004இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ என்ற அமைப்பின் ‘நிலைத்த பாமாயில்’ சான்று பெற்றவை.

அந்த அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. குலை வெட்டும் ஆணுக்கு நாளொன்றுக்கு இத்தனை என்று அளவு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. குலை விழும்போது பழங்கள் உதிர்ந்து சிதறும். அவற்றையும் பொறுக்கிச் சேர்த்தால்தான் கணக்கு முடியும். ஒற்றை ஆளால் முடிவதில்லை. மனைவி வருகிறாள், சில சமயம் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்குக் கூலி இல்லை. அவர்கள் பொறுக்கிய பழம் ஆலைக்குப் போகிறது, எண்ணெயாகிறது, தொட்டியில் கலக்கிறது, சான்றிதழில் எடையாக ஏறுகிறது. மாஸ் பேலன்ஸ் கணக்கில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. அவளுடைய உழைப்பின் எடை முழுவதும் அங்கே இருக்கிறது. அவள் மட்டும் இல்லை.

இந்தோனேசியாவின் கதை நமக்கு எதற்கு என்று ஒரு மாணவி கேட்கலாம். பக்கத்து நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் நம் மொழி பேசும் பெண்கள் தலைமுறைகளாக உழைத்திருக்கிறார்கள் என்பது ஒரு பதில். மலேசியாவில் இலக்கியக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தபோது, அப்படி உழைத்து ஓய்ந்த ஓர் அம்மாவோடு மாலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். பால்மரம் இருந்த காலத்தில் பால்வெட்டு, மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு மருந்தடிப்பு.

“என்ன மருந்தும்மா அது?” என்று கேட்டேன்.

“பேரு தெரியாது டீச்சர். நீலமா இருக்கும். முதுகுல டாங்கி ஒழுகும், சட்டை நனையும். வீட்டுக்கு வந்து குளிக்கிறதுக்கு முன்னாடியே புள்ள ஓடியாந்து காலக் கட்டிக்கும்.”

“சோதிக்க யாரும் வரமாட்டாங்களா?”

“வருவாங்களே. வர்ற அன்னைக்குக் கையுறை குடுப்பாங்க. போனதும் வாங்கி வச்சிக்குவாங்க.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நகங்கள் கறுத்துச் சிதைந்திருந்தன. எங்களுக்குத் தேநீர் ஊற்றியபோதுதான் அதைக் கவனித்தேன்.

மலேசியத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி, ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனகானிதா அமைப்பு பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து 2002இல் ஆய்வறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டில்தான் பாராகுவாட் களைக்கொல்லியைக் கைவிடப்போவதாக மலேசிய அரசு அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. மீண்டும் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரியில். இடையில் போன ஆண்டுகளை அந்தப் பெண்களின் தோலும் நுரையீரலும்தான் கணக்கு வைத்திருக்கும்.

சட்டம் ஏன் காட்டைப் பார்க்கிறது, கையைப் பார்ப்பதில்லை? காட்டை அளக்கலாம், அநீதியை அளக்க முடியாது என்பதுதான் வழக்கமான பதில். 2008 ஜனவரியில் ஓரிடத்தில் காடு இருந்ததா என்று செயற்கைக்கோள் படம் சொல்லிவிடும். ஒரு பெண்ணுக்குக் கூலி மறுக்கப்பட்டதை எந்தப் படம் காட்டும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டம் வேறொரு பொருளை எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் இந்தப் பதில் நிற்காது.

சமைத்து மிஞ்சிய பழைய எண்ணெய் ‘கழிவு’ என்பதால், அதிலிருந்து எடுத்த டீசல் இலக்குக் கணக்கில் இருமடங்காக எண்ணப்பட்டது. விளைவு, சில சமயங்களில் பொரித்த எண்ணெய் புது எண்ணெயைவிட விலை கூடியது. புது எண்ணெயைப் பழையது என்று சொல்லி விற்கும் ஆசையும் வந்தது. கழிவு என்று வருவது உண்மையில் கழிவுதானா என்று சரிபார்க்கச் சில திட்டங்களிடம் போதிய ஏற்பாடு இல்லை என்று 2016 தணிக்கை அறிக்கை குறிப்பிட்டது. 2018இல் திருத்தி எழுதப்பட்ட ஆணையில், ஒவ்வொரு கைமாற்றத்தையும் பதிவு செய்ய ஒன்றியம் முழுவதற்குமான தரவுத்தளம் ஒன்று வேண்டும் என்று எழுதினார்கள். ஓர் எண்ணெய் வடைச்சட்டியைப் பார்த்ததா இல்லையா என்று கடல்கடந்து விசாரிக்க ஒரு சட்டத்தால் முடிகிறது. அதே எண்ணெய்க்கான பழத்தைப் பொறுக்கியவளுக்குக் கூலி கொடுத்தீர்களா என்று விசாரிக்க மட்டும் அதனால் முடியாதா? இயலாமையைவிட அக்கறையின் வரிசைதான் இங்கே வேலை செய்கிறது. பொரித்த எண்ணெயில் ஏமாறுவது அரசின் சலுகைப் பணம். உதிரிப்பழத்தில் ஏமாறுவது அவள் மட்டும்.

இன்னொரு பதிலையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நிபந்தனைகளைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் வெளியே தள்ளப்படுவது சிறுவிவசாயிதான் என்பார்கள். உண்மை. இந்தோனேசியாவின் செம்பனைப் பரப்பில் பெரும்பங்கு சிறுவிவசாயிகளிடம் இருக்கிறது. சான்றுக்கான செலவும் காகிதமும் அவர்களை வருத்துகின்றன. அந்தச் சிறுவிவசாயிக் குடும்பத்துக்குள்ளும் நாம் பார்க்க வேண்டும். நிலப்பட்டா பெரும்பாலும் கணவன் பெயரில். பட்டா இருப்பவர்தான் கூட்டுறவில் உறுப்பினர். உறுப்பினருக்குத்தான் பயிற்சி, அவருக்குத்தான் கூடுதல் விலை. நம் பால் சங்கங்களிலும் கறப்பவள் ஒருத்தியாகவும் பாஸ்புத்தகம் இன்னொருவர் பெயரிலும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறுவிவசாயிக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் அந்தச் சொல்லுக்குள் மனைவியையும் சேர்த்துத்தான் பேசுகிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. செலவு பெரிது என்றால் அதை வாங்குகிறவர் ஏற்கட்டும். நல்லவர் என்ற பெயர் அவருக்குத்தானே கிடைக்கிறது.

வகுப்பில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்தும்போது இப்போதெல்லாம் இந்தச் சான்றிதழ்கள் நினைவுக்கு வருகின்றன. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதுதான் அந்த வழக்கு. அரசன் நம்பிய சாட்சி பொற்கொல்லன். தீர்ப்பால் ஆதாயம் அடையப்போகிறவனும் அவனே. தோட்டத்தைச் சோதிக்கும் தணிக்கையாளருக்குப் பணம் கொடுப்பது சோதிக்கப்படும் நிறுவனம் என்பதைப் படித்தபோது எனக்கு அவன்தான் தெரிந்தான். தணிக்கையாளர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. அந்த இருக்கை அப்படிப் போடப்பட்டிருக்கிறது என்கிறேன்.

கண்ணகிக்கு இரண்டு வசதிகள் இருந்தன. சிலம்பை உடைத்தால் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். கலந்த எண்ணெயை உடைத்துப் பார்க்க முடியாது. அதில் அநீதியின் நிறமோ வாசமோ இல்லை. அடுத்தது, வாயிற்காவலன் அவள் வந்திருப்பதை உள்ளே போய்ச் சொன்னான். கோபமாக ஒரு பெண் வந்து நிற்கிறாள் என்ற செய்தி அரசனை எட்டியது. அதனால்தான் வழக்கு என்ற ஒன்று நடந்தது. காலம் கடந்துதான் நடந்தது, கோவலன் மீளவில்லை. ஆனாலும் கேள்வி கேட்டவள் எதிரே நின்றாள், பதில் சொல்ல வேண்டியவன் அவளைப் பார்த்துச் சொன்னான். சுமத்ராவில் உதிரிப்பழம் பொறுக்குகிறவளுக்கு ராட்டர்டாமில் வாயிற்காவலன் இல்லை. எண்ணெயோடு போகும் காகிதம் ஒருவழிப் பாதையில் போகிறது. அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் அதில் ஏறுவதில்லை. திரும்பி ஒரு வார்த்தையும் வருவதில்லை.

‘அப்படியானால் அந்த எண்ணெயே வேண்டாம்’ என்று வாங்குகிற நாடு முடிவெடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் செம்பனையை, மறைமுகமாகக் காட்டை அழிக்கும் ஆபத்து மிகுந்த பயிர் என்று வகைப்படுத்தியது. 2030க்குள் இலக்குக் கணக்கிலிருந்து அதை முற்றிலும் நீக்க வழி செய்தது. காட்டுக்கு அது நல்லதாக இருக்கலாம். இந்தோனேசியாவும் மலேசியாவும் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. இந்தோனேசியா தன் சொந்த டீசலில் செம்பனை டீசலின் பங்கைக் கூட்டிக்கொண்டே வந்து 2025இல் 40 விழுக்காடு என்று ஆக்கியது. வாங்குகிறவர் கை கழுவிக்கொண்டார். மருந்துத் தொட்டி அவள் முதுகில்தான் இருக்கிறது. பார்க்க வந்த கண்களும் இப்போது போய்விட்டன.

ஆகவே சான்றிதழைக் கிழித்தெறியச் சொல்ல மாட்டேன். அரைகுறையாகப் பார்க்கும் கண்ணைப் பிடுங்கினால் முழுப்பார்வை வந்துவிடாது. நான் கேட்பது, அதன் கணக்கில் புதிதாகச் சில வரிகள். தோட்டத்தில் உழைக்கும் பெண்களில் எத்தனை பேர் நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள், கூலி அவரவர் பெயரில் போகிறதா என்பவை, நிலமும் கரியமிலமும் போல, எண்ணெயோடு சேர்ந்து பயணம் செய்யட்டும். தணிக்கையாளரின் சம்பளம் ஒரு பொது நிதியிலிருந்து வரட்டும். மேலாளர் இல்லாத இடத்தில், அவர்கள் மொழியில், பெண்களோடு பேசாத தணிக்கை, தணிக்கை ஆகாது என்று இருக்கட்டும். அவள் ஒரு புகார் சொன்னால் சான்று நிறுத்திவைக்கப்படட்டும், விசாரணையில் என்ன தெரிந்தது என்பது அவளுக்குத் திரும்பச் சொல்லப்படட்டும்.

இவை நடந்தாலும் என் மூலக் கேள்வி முற்றிலும் தீராது. நன்மை என்பதை ஒரு பொருளின் குணமாக நினைக்க நாம் பழகிவிட்டோம். இது நல்ல எண்ணெய், இது நல்ல துணி, இது நல்ல டீத்தூள். லேபிளைப் பார்த்து வாங்கினால் நாமும் நல்லவர்களாகிவிடுகிறோம். நன்மை இருப்பது இரண்டு மனிதர்களுக்கு இடையில், ஒருவர் உழைப்பை இன்னொருவர் எப்படிப் பெற்றுக்கொள்கிறார் என்பதில். பொருளைத் தடம்பிடிப்பது அந்த உறவைத் தேடிப் போவதற்கான வழி. வழியின் பாதியில் கிடைத்த முத்திரையோடு நாம் வீடு திரும்பிவிடுகிறோம். ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம், எது, யாரால், யாரிடம் கேட்டு என்று கேட்கும் பழக்கத்தை என் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்க முயல்கிறேன். அந்த மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான சான்றிதழ்களில் பதில் இல்லை. பதில் எழுத வேண்டிய இடம் காலியாகக்கூட விடப்படவில்லை. அப்படி ஒரு கட்டமே அந்தப் படிவத்தில் கிடையாது.